இருபது ஆர்டருக்கு ஒரு இனாம்

ஒரு மணி நேரத்துக்கு 2 ரூபாய் 60 காசு. சொமேட்டோவில் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பவருக்கு 2025-ஆம் ஆண்டில் வாடிக்கையாளர்கள் கொடுத்த டிப்ஸின் சராசரி இது. அதற்கு முந்தைய ஆண்டு 2 ரூபாய் 40 காசாம். இருபது காசு ஏறியிருக்கிறது. இந்தக் கணக்கைச் சொன்னவர் தொழிற்சங்கத் தலைவர் யாருமில்லை. சொமேட்டோவின் தாய் நிறுவனமான எடர்னலுக்கு அப்போது தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த தீபிந்தர் கோயலே 2026 ஜனவரித் தொடக்கத்தில் எக்ஸ் தளத்தில் எழுதியது. சொமேட்டோ ஆர்டர்களில் ஏறத்தாழ 5 சதவீதத்துக்கும் மளிகைச் செயலியான பிளிங்கிட்டின் ஆர்டர்களில் 2.5 சதவீதத்துக்கும் டிப்ஸ் விழுகிறது என்றார். டிப்ஸ் நீங்கலாகவே மணிக்குச் சராசரியாக 102 ரூபாய் கிடைக்கிறது என்று நிறுவுவதுதான் அவருடைய நோக்கம். பெட்ரோலும் வண்டிப் பராமரிப்பும் அந்த 102 ரூபாய்க்குள்தான் அடங்கவேண்டும். டிப்ஸ் விவரம் பேச்சோடு பேச்சாக வந்து விழுந்தது. எனக்கு அந்த நீண்ட பதிவில் முக்கியமாகப் பட்டது அதுதான்.

இந்தக் காசைக் கச்சிபௌலியில் வைத்துப் பார்க்கவேண்டும். ஹைதராபாத்தின் மேற்கு விளிம்பில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை பாறையும் புதருமாகக் கிடந்த நிலம் இது. இன்று நானக்ராம்குடா நிதி மாவட்டமும், டி.எல்.எஃப். வளாகமும், உலகின் பெரிய மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களும், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் அடுக்குமாடிகளுமாக நிற்கிறது. அமெரிக்காவில் பகல் என்றால் இங்கே வேலை நேரம். அதனால் டி.எல்.எஃப். எதிரே இருக்கும் சாப்பாட்டுத் தெரு நள்ளிரவிலும் புகைந்துகொண்டிருக்கும். பிரியாணிக் கடைகளின் வாசலில் சிவப்பு, ஆரஞ்சு பனியன்கள் வரிசையில் நிற்கும். மகபூப்நகர், நல்கொண்டா பக்கத்துப் பையன்களும் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களும் அந்த வரிசையில் உண்டு. ஒருவர் பத்து மணி நேரம் ஓட்டினால் சராசரிப்படி டிப்ஸாக 26 ரூபாய் சேரும். ஓர் இரானி டீயும் இரண்டு உஸ்மானியா பிஸ்கட்டும் சாப்பிட்டால் தீர்ந்தது. சராசரி என்பதே பொய்க்கணக்குதான். ஒருவருக்கு மழை ராத்திரியில் ஐம்பது ரூபாய் விழுந்திருக்கும், பத்துப் பேருக்கு அன்று ஒன்றுமே விழுந்திருக்காது.

இதைப் படித்ததும் ஐ.டி.காரர்கள் கஞ்சர்கள் என்று முடிவு கட்டுவது சுலபம். ஆனால் அதே ஆள் வார இறுதியில் கொண்டாப்பூரில் ஏதாவது ஒரு ஏ.சி. உணவகத்தில் நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டு இருநூறு ரூபாயைத் தாராளமாக வைத்துவிட்டு வருகிறார். மனிதர் மாறவில்லை, இடம்தான் மாறியது. உணவகத்தில் பரிமாறியவர் பக்கத்தில் நிற்கிறார், உடன் வந்தவர்கள் பார்க்கிறார்கள். பில் ஓர் அட்டைக்குள் சோம்போடும் கல்கண்டோடும் வருகிறது. வீட்டு வாசலில் இது எதுவும் இல்லை. கொரோனாக் காலத்தில் வந்த ‘கதவருகே வைத்துவிடவும்’ என்ற குறிப்பு கொரோனா போன பிறகும் போகவில்லை. காவலாளியின் கைபேசியில் அனுமதி, சரக்கு லிஃப்டில் முப்பத்திரண்டாவது மாடி, வாசல்படியில் பை, கதவு திறக்குமுன் ஆள் போய்விட்டார். முகமே பார்க்காத ஒருவருக்கு இனாம் கொடுக்க நம் ஊர்ப் பழக்கத்தில் வழியில்லை.

இன்னொன்றும் போய்விட்டது. சில்லறை. இந்தியாவில் டிப்ஸ் என்பது பெரும்பாலும் மீதிக் காசுதான். சதவீதக் கணக்கு போட்டு யாரும் கொடுத்ததில்லை. 83 ரூபாய் பில்லுக்கு நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் திரும்பி வரும் பதினேழில் பத்தை எடுத்துக்கொண்டு ஏழைத் தட்டில் விடுவார்கள். ஆட்டோக்காரரிடம் ‘வெச்சுக்கங்க’ என்பதும், சலூனில் ‘மீதி வேண்டாம்’ என்பதும் அப்படித்தான். 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. வந்தது, அந்த நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி முறைக்கு மேல் இந்தியர்கள் யு.பி.ஐ. வழியாகப் பணம் அனுப்பினார்கள். 83 என்றால் இப்போது 83-தான் போகிறது. மீதி என்ற ஒன்றே கிடையாது. சில உணவகங்களில் பரிமாறுபவர்கள் தயங்கித் தயங்கித் தங்கள் சொந்த க்யூ.ஆர். படத்தைக் கைபேசியில் காட்டுகிறார்கள். கேட்காமல் கிடைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டு வாங்க வேண்டியதாகிவிட்டது. அந்தத் தயக்கத்தைப் பார்த்தால் கொடுக்கிறவருக்கும் சங்கடமாக இருக்கிறது.

சரி, செயலியே டிப்ஸ் கேட்கிறதே, அது உதவிதானே என்று தோன்றலாம். கேட்கும் விதத்தைக் கவனியுங்கள். ஆர்டர் போட்டு முடிக்கும் திரையில் 20, 30, 50 என்று வட்டமிட்டு, உங்களுக்காக உழைப்பவருக்கு நன்றி சொல்லுங்கள் என்ற தோரணையில் கேட்கிறது. அதே திரையில் சற்றுக் கீழே பிளாட்ஃபார்ம் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். சொமேட்டோவில் அது 2023 ஆகஸ்டில் 2 ரூபாயாக நுழைந்து 2025-இல் 10 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதற்கு வட்டமும் இல்லை, வேண்டுகோளும் இல்லை. எல்லா ஆர்டரிலும் கட்டாயம் உண்டு. தனக்கு வேண்டியதை நிறுவனம் கட்டணமாக எடுத்துக்கொள்கிறது. தொழிலாளிக்கு வேண்டியதை நம்மிடம் இனாமாகக் கேட்கிறது. முன்னது நூற்றுக்கு நூறு வசூலாகிறது. பின்னது நூற்றுக்கு ஐந்து.

ஓட்டுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அவர்கள் வாயில் முதலில் வருவது டிப்ஸே இல்லை. ரேட் கார்டு, இன்சென்டிவ், ஐ.டி. பிளாக் (செயலிக் கணக்கு முடக்கம்) என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். ஒரு ஆர்டருக்கு இன்று என்ன விலை, நேற்றைவிட ஏன் குறைந்தது, கடைசி ஆர்டர் வராமல் இன்சென்டிவ் எப்படித் தவறியது என்பவைதான் அவர்களுடைய கவலைகள். 2025 டிசம்பர் 25, 31 தேதிகளில் தெலங்கானா கிக் மற்றும் பிளாட்ஃபார்ம் தொழிலாளர் சங்கமும் அகில இந்தியக் கூட்டமைப்பும் அழைத்த வேலைநிறுத்தத்திலும் முன்னுக்கு நின்றவை கூலியும், பத்து நிமிட டெலிவரியை நிறுத்துவதும், காரணம் சொல்லாமல் ஐ.டி.யை முடக்குவதைக் கைவிடுவதும்தான். ஷேக் சலாவுதீன் தலைமையிலான அந்தச் சங்கம் இதே ஹைதராபாத்தில் வளர்ந்தது. பத்து நிமிடக் கோரிக்கைக்கு ஓரளவு பலன் கிடைத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சர் தலையிட்டபின் ஜனவரியில் பிளிங்கிட் தன் விளம்பரத்திலிருந்து அந்த வாக்குறுதியை எடுத்தது.

டாக்ஸிச் செயலிகளில் கதை இன்னும் ஒருபடி மேலே போனது. வண்டி வருமுன்பே டிப்ஸ். 50, 75, 100 என்று தேர்வு, டிப்ஸ் சேர்த்தால் ஓட்டுநர் உங்கள் அழைப்பை ஏற்கும் வாய்ப்பு கூடும் என்ற குறிப்பு. ஆறு மணிக்குப் பயோடைவர்சிட்டி சந்திப்பில் மழையில் நின்று வண்டி தேடியவர்களுக்கு இதன் பொருள் விளக்கத் தேவையில்லை. நூறு ரூபாய் போட்டவருக்கு வண்டி வந்தது, போடாதவர் நனைந்தார். இதை ஏலம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் நலத்துறை அமைச்சர் பிரகலாத் ஜோஷி இதை நெறியற்றது, சுரண்டல் என்று கண்டித்தார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஊபருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்த டிசம்பரில் மோட்டார் வாகனச் செயலி நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகள் திருத்தப்பட்டன: பயணம் முடிந்த பிறகே டிப்ஸ் கேட்கலாம், முழுத் தொகையும் ஓட்டுநருக்கே போகவேண்டும்.

திருத்தம் சரியானதுதான். ஆனால் ஓட்டுநர் பக்கம் நின்று பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. முன்கூட்டிய டிப்ஸ் என்று நாம் வெறுத்தது, அவருக்குக் கட்டுப்படியாகாத கட்டணத்தைக் கட்டுப்படியாக்கிய தொகை. நெரிசலில் நாற்பது நிமிடம் ஊர்ந்து மூன்று கிலோமீட்டர் போவதற்குச் செயலி போட்ட விலை போதவில்லை என்பதால்தான் அவர் அந்த அழைப்பை எடுக்கவில்லை. டிப்ஸ் பொத்தானைத் தடை செய்தாயிற்று. விலை அப்படியே இருக்கிறது.

உணவகச் சேவைக் கட்டண வழக்கிலும் இதே ஓட்டை. பில்லில் பத்து சதவீதம் தானாகச் சேர்ப்பது கூடாது என்று நுகர்வோர் ஆணையம் 2022 ஜூலை 4 அன்று நெறிமுறை வெளியிட்டது. அதே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2025 மார்ச் 28 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங் நெறிமுறை செல்லும் என்று தீர்ப்பளித்து, வழக்குப் போட்ட இரண்டு உணவகச் சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தார். சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. நுகர்வோருக்கு இது வெற்றி என்பதில் சந்தேகமில்லை. கேட்காமல் ஒருவர் சட்டைப்பையில் கைவிடுவது தப்பு. அந்தத் தொகை ஊழியருக்குத்தான் போகிறது என்பதற்கும் பல இடங்களில் உத்தரவாதம் கிடையாது.

ஆனாலும் நேர்மையாக நடந்த இடங்களில் சேவைக் கட்டணத்துக்கு ஒரு குணம் இருந்தது. அது பின்கட்டுக்கும் போனது. மேஜையில் வைக்கும் டிப்ஸ் பரிமாறுபவருக்குப் போகிறது. பாத்திரம் தேய்ப்பவர், தந்தூரி அடுப்பின் முன்னால் நிற்பவர், இரவு ஒரு மணிக்குக் கழிவறை கழுவுபவர் யாரையும் நாம் பார்ப்பதில்லை. பார்க்காதவருக்கு நன்றி எழுவதில்லை. சில முதலாளிகள் டிப்ஸ் பெட்டி வைத்து எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். அது முதலாளியின் குணத்தைப் பொறுத்தது. பிரிட்டனில் இதற்கென்றே ஒரு சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளர் கொடுத்த டிப்ஸில் முதலாளி ஒரு பைசா பிடிக்கக்கூடாது, நியாயமாகப் பிரித்துத் தரவேண்டும். நமக்கு இருப்பது ஒரு வருமான வரித் தீர்ப்பு. பில்லோடு அட்டையில் வந்த டிப்ஸை விடுதி ஊழியருக்குப் பிரித்துக் கொடுத்தால் அது சம்பளமாகாது, அதற்கு விடுதி வரி பிடிக்கத் தேவையில்லை என்று ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னது. சம்பளமாகாது என்பதற்கு மறுபக்கமும் உண்டு. வருங்கால வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் போடும் கணக்கில் டிப்ஸ் வராது. முப்பது வருடம் டிப்ஸை நம்பிப் பரிமாறியவர் ஓய்வு பெறும்போது அந்த வருமானம் வந்ததற்கே சாட்சி இருக்காது.

இனாமில் வாழ்வது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. நிஜாம் ஆட்சியில் கிராம ஊழியம் செய்தவர்களுக்குக் கூலிக்குப் பதில் இனாம் நிலம் இருந்தது. இனாம் நிலங்களை ஒழிக்க 1955-இல் ஹைதராபாத் மாநிலத்தில் தனிச் சட்டமே போட்டார்கள். தசரா வந்தால் காவலாளியும் தபால்காரரும் வீட்டுவேலை செய்பவரும் ‘தசரா மாமூலு’ கேட்பது தெலுங்கு வீடுகளில் இன்றும் உண்டு, நம் பக்கத்துத் தீபாவளி இனாம் மாதிரி. (காசு மேல்நோக்கியும் போயிருக்கிறது. கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலிகானைப் பார்க்கப் போனவர்கள் பொற்காசை நஸராக நீட்ட வேண்டும். உலகின் பெரும் பணக்காரர் என்று பெயரெடுத்தவர் அதைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வார்.)

இனாம் வாங்கியவர்கள் வரிசையில் இன்று யாருக்கும் நினைவில்லாத ஒரு பெயர் உண்டு: வாத்தியார். தெலுங்கு ஊர்களில் தசராவின்போது பள்ளிக்கூடத்து அய்யவாரு பிள்ளைகளை அலங்கரித்து, கையில் வில்லும் பூவும் கொடுத்து, வீடு வீடாகப் பாட வைத்து அழைத்துப் போவார். வீட்டுக்காரர்கள் பிள்ளைகளுக்குப் பொட்டுக்கடலையும் வெல்லமும், அய்யவாருக்குக் காசும் கொடுப்பார்கள். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் நவராத்திரிக்கு இதே வழக்கம். பிள்ளைகள் கோலாட்டம் அடித்துப் பாடிக்கொண்டு தெருத்தெருவாகப் போனால் உபாத்தியாயருக்கு அந்த வருடத்தின் நல்ல வரும்படி அதுதான். மிச்ச நாளெல்லாம் அரிசியும் காய்கறியும் யார் வீட்டிலிருந்து வருகிறதோ அதைப் பொறுத்துப் பிழைப்பு. கொடுத்தவர்கள் அன்போடுதான் கொடுத்தார்கள். குருவுக்குச் செய்வது புண்ணியம் என்று நம்பியே கொடுத்தார்கள். ஆனால் எந்த வீட்டுப் பிள்ளையின் முதுகில் பிரம்பு மெதுவாக விழும் என்பதையும் அந்தக் காசு தீர்மானித்திருக்கும்.

இன்று ஆசிரியருக்கு யாரும் டிப்ஸ் கொடுப்பதில்லை. கொடுத்தால் அவர் முகம் சிவக்கும். அவருக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் வந்தன, ஊதியக் குழுக்கள் வந்தன, போராட்டங்கள் நடந்தன. ஊரார் மனம் மாறி, இனிமேல் இனாம் வேண்டாம் என்று முடிவெடுத்ததால் அந்த வழக்கம் அழியவில்லை. அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று. வாத்தியாரின் மரியாதை அதனால் குறைந்ததாகவும் தெரியவில்லை. (தனியார் பள்ளிகளில் பத்தாயிரத்துக்கு வேலை பார்க்கும் ஆசிரியரின் நிலை வேறு. அது தனியே எழுதவேண்டிய சங்கதி.)

எதிர்த்திசையில் போன நாடு அமெரிக்கா. கச்சிபௌலிக்கு அது பக்கத்துத் தெரு. விசா வேண்டி இங்கிருந்து சிலுக்கூர் பாலாஜி கோயிலுக்குப் போய் பதினொரு சுற்று சுற்றுகிறார்களே, அந்தக் கோயிலில் உண்டியல் கிடையாது. விசா கிடைத்துப் போய் இறங்கும் ஊரிலோ காபி வாங்கினால்கூடத் திரையைத் திருப்பி 18, 20, 25 சதவீதம் என்று காட்டுகிறார்கள். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு அங்கே மத்தியச் சட்டப்படி முதலாளி கொடுக்கவேண்டிய குறைந்தபட்ச ரொக்கக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-இலிருந்து அது அசையவில்லை. மிச்சத்தை வாடிக்கையாளர் கொடுப்பார் என்பது ஏற்பாடு. இந்த ஏற்பாட்டை அங்கேயே கடுமையாக வெறுத்த காலம் உண்டு. 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைச் சட்டத்தால் தடை செய்தது, வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926-க்குள் எல்லாமே கைவிடப்பட்டன. தடை போட்டார்கள், கூலியைத் தொடவில்லை.

அதே காலத்தில் வேறொரு வழியும் அங்கே நடந்தது. புல்மேன் ரயில் பெட்டிகளில் படுக்கை விரித்து, ஷூ துடைத்து, பெட்டி தூக்கிய கறுப்பினத் தொழிலாளர்கள் அற்பச் சம்பளத்தில் டிப்ஸை நம்பியே வாழ்ந்தார்கள். பயணிகள் அவர்கள் எல்லோரையும் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள், நிறுவன முதலாளியின் பெயரால். சிரித்தால் காசு. கோபப்பட்டால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் கட்டியபோது, டிப்ஸை நம்பாமல் வாழக்கூடிய சம்பளம் கேட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1937-இல் நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லிப் புன்னகைக்கும் நம் டெலிவரிப் பையனுக்கும் அந்த ஜார்ஜுக்கும் இடைவெளி அதிகமில்லை.

சம்பளம் வந்தால் இனாம் தானாகப் போய்விடும் என்பதற்கு நம் அரசு மருத்துவமனைகள் எதிர்ச்சாட்சி இல்லையா என்று கேட்கலாம். பிரசவ வார்டில் ஆண் குழந்தைக்கு ஒரு ரேட், பெண் குழந்தைக்கு ஒரு ரேட் என்பது தமிழ்நாடு அறிந்ததே. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் பில்லுக்கு மேல் முப்பதோ ஐம்பதோ வாங்காமல் நகர்வதில்லை. உண்மைதான். இதில் முதலாவது இனாமே அல்ல. கொடுக்காவிட்டால் குழந்தையைக் காட்டமாட்டார்கள் என்றால் அதற்கு லஞ்சம் என்று பெயர், அதற்குச் சட்டமும் இருக்கிறது. சிலிண்டரில் கதை வேறு. விலையிலேயே கொண்டுவரும் கூலி அடக்கம் என்று நிறுவனங்கள் சொல்கின்றன, ஆனால் அதில் எவ்வளவு மாடி ஏறிய ஆளுக்குப் போய்ச் சேருகிறது என்று ஏஜென்சி சொல்வதில்லை. செயலிகளின் பிரச்சினையும் அங்கேதான் இருக்கிறது.

செயலித் தொழிலாளர்களுக்கான சட்டங்கள் வரத் தொடங்கிவிட்டன. ராஜஸ்தான் 2023-இலும் கர்நாடகம் 2025-இலும் சட்டம் இயற்றின. தமிழ்நாடு நல வாரியம் அமைத்தது, சென்னை அண்ணாநகரில் மாநகராட்சி இவர்களுக்கென ஏ.சி. ஓய்வறையும் திறந்தது. தெலங்கானா 2025 ஏப்ரலில் வரைவு மசோதா வெளியிட்டது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குக் கொடுக்கும் தொகையில் 1 முதல் 2 சதவீதத்தை நிறுவனம் நல நிதிக்குக் கட்டவேண்டும் என்றது அந்த வரைவு. கோயல் சொன்ன 102 ரூபாய்க்கு இதைப் போட்டுப் பார்த்தேன். உச்சபட்ச 2 சதவீதம் என்றால் மணிக்கு 2 ரூபாய் 4 காசு. டிப்ஸைவிடக் குறைவு! கர்நாடகச் சட்டம் அனுமதிக்கும் 5 சதவீதம் என்றால் 5 ரூபாய் 10 காசு, டிப்ஸைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2 சதவீதத்துக்கும் டிப்ஸுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நல நிதி இருபது ஆர்டரில் ஒன்றுக்கு மட்டும் விழாமல் எல்லோர் பெயரிலும் விழும், விபத்து நடந்தால் கைக்கு வரும். ஆனாலும் 2 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டால் தெலங்கானா அரசு செய்வது, பெருந்தன்மையாளர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைச் சட்டமாக்குவது மட்டும்தான். உச்சவரம்பை ஐந்துக்கு உயர்த்தவேண்டும். ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் லிஃப்டுக்காக நிற்கும் நேரத்தையும் கூலிக்கணக்கில் சேர்த்து, மணிக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றை நிர்ணயிக்கவேண்டும்.

அதுவரை வாசலுக்கு வருகிறவருக்குக் கொடுங்கள். முடிந்தால் ரொக்கமாகவே, கதவைத் திறந்து, முகம் பார்த்து. அது உங்களுக்கும் அவருக்கும் நடுவில் உள்ள விஷயம், அதில் அரசுக்கு வேலையில்லை. அரசு செய்யக்கூடிய, செலவே இல்லாத இன்னொரு காரியம் இருக்கிறது. செயலி தரும் பில்லில் சாப்பாட்டின் விலை, பேக்கிங், ஜி.எஸ்.டி., டெலிவரிக் கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம், மழைக் கட்டணம் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கின்றன. கொண்டுவந்தவருக்கு இதில் எவ்வளவு போனது என்ற வரி மட்டும் இல்லை. அந்தத் தொகை நிறுவனத்தின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது, அன்றிரவே அவர் கைபேசியிலும் தெரிகிறது. தெலங்கானா விதிமுறைகளில் அந்த ஒரு வரியைக் கட்டாயமாக்கினால், நானக்ராம்குடாவில் நள்ளிரவில் நானூறு ரூபாய்க்கு பிரியாணி வரவழைப்பவர் டிப்ஸ் வட்டத்தைத் தொடுமுன் அந்த வரியைப் படிப்பார்.